எழுப்புவது பெரிதல்ல, ஒழுங்காக உறங்கவைக்க வேண்டும்



கொஞ்சம் நீளமான பதிவு. பள்ளியிலோ, நூலகத்திலோ, மாலை நேரப் படிப்பகத்திலோ ஒரு மூலையில் "சர்வர்" என்று ஒரு பெட்டியை வைத்துக் காலம் தள்ளிக்கொண்டிருக்கும் ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், பரீட்சை கிடையாது.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லினக்ஸ் சர்வரில் மெய்நிகர் கணினிகளை, அதாவது விர்ச்சுவல் மெஷின்களை, ஓட்டுகிறோம் என்றால் அவை தானாக எழவும் தானாக அணையவும் ஏற்பாடு செய்துவிட வேண்டும். அதிலும் அணைவதற்கான ஏற்பாடுதான் முதலில். இதை ஒரு மனிதரின் ஞாபகத்தை நம்பி விடுவது, மொட்டை மாடியில் வடகத்தைக் காயப்போட்டுவிட்டு மழை வராது என்று ஊருக்குப் போவது மாதிரி.

"ரிட்டயர் ஆன பிறகு உங்களுக்கு எதற்கு டீச்சர் இந்த வேலை?" என்று சிலர் கேட்பார்கள். நான் இடைநிலை ஆசிரியராக இருந்தவள். ஆசிரியர் பயிற்சிப் பட்டயம்தான் என் படிப்பு. கணினிப் படிப்பு இல்லை. எங்கள் ஊரில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் இலவசப் படிப்பகத்துக்கு ஒரு பழைய கணினி கிடைத்தது. அதில் டெபியன் லினக்ஸ் போட்டு, அதன் மேல் மூன்று மெய்நிகர் கணினிகள் ஓடுகின்றன. ஒன்றில், புத்தக இரவல் கணக்குக்காக கோஹா. நியூசிலாந்தில் ஒரு நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000-இல் பயன்பாட்டுக்கு வந்த இலவச மென்பொருள் அது. இரண்டாவதில், இணையம் இல்லாமலே தமிழ் விக்கிப்பீடியா படிக்க கிவிக்ஸ். மூன்றாவதில் பழைய விண்டோஸ். யூனிகோடு வருவதற்கு முன் பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்த வினாத்தாள்கள் அதில்தான் சரியாகத் திறக்கின்றன. தினமும் மாலையில் பிள்ளைகள் வந்து உட்காரும் இடம். அதனால் இது எனக்கு வேலைதான்.

மெய்நிகர் கணினி என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். ஒரே நீளமான கூடம். நடுவில் தட்டி வைத்து மறைத்திருப்போம். இந்தப் பக்கம் இரண்டாம் வகுப்பு, அந்தப் பக்கம் நான்காம் வகுப்பு. ஒவ்வொரு வகுப்பும் தனக்கென்று ஓர் அறை இருப்பதாக நினைத்துக்கொள்ளும். கூரை ஒன்று, மின்விளக்கு இணைப்பு ஒன்று, வாசல் கதவும் ஒன்று. சர்வர்தான் கூடம். மெய்நிகர் கணினிகள்தான் வகுப்புகள். தட்டிகளை நகர்த்தி இடத்தைப் பங்கு போட்டுக் கொடுக்கும் வேலையை லினக்ஸில் கேவிஎம் செய்கிறது. 2007 பிப்ரவரியில் வெளியான லினக்ஸ் கருநிரல் 2.6.20-இல் சேர்ந்தது. அதை நிர்வாகம் செய்ய லிப்விர்ட் என்ற மென்பொருள் தொகுப்பு இருக்கிறது. நாம் கட்டளை கொடுக்கும் கருவிக்கு விர்ஷ் என்று பெயர்.

இப்போது மின்சாரம் போகிறது என்று வையுங்கள். கூடத்தின் கதவைத் திடீரென்று இழுத்துப் பூட்டியது போல. நான்காம் வகுப்பில் ஒரு பிள்ளை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் பாதி எழுதியிருந்தார். எல்லாம் அப்படியே நின்றுபோகும். நிரல்கள் எழுத வேண்டிய விஷயங்களில் கொஞ்சம் எப்போதும் நினைவகத்தில்தான் நிற்கும், வட்டுக்கு இன்னும் போயிருக்காது. மின்சாரம் போனால் அது போச்சு. தரவுத்தளங்களும் இன்றைய கோப்பு முறைமைகளும் இந்த மாதிரி அடியைத் தாங்கித் தாமே எழுந்துகொள்ளும்படிதான் கட்டப்பட்டிருக்கின்றன. பெரும்பாலும் எழுந்தும்விடும். ஆனால் "பெரும்பாலும்" என்பதை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் நடத்த முடியுமா?

தானாக எழுவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அது நிஜமாகவே எளிது. விர்ஷ் ஆட்டோஸ்டார்ட் என்று கொடுத்து, பக்கத்தில் மெய்நிகர் கணினியின் பெயரைக் கொடுத்தால் தீர்ந்தது. அடுத்த முறை சர்வர் உயிர் பெறும்போது லிப்விர்ட்டே அதை எழுப்பிவிடும். பிராக்ஸ்மாக்ஸ் வைத்திருப்பவர்களுக்குத் திரையிலேயே ஒரு தேர்வுப் பெட்டி இருக்கிறது. எது முதலில், எது பிறகு, நடுவில் எத்தனை விநாடி இடைவெளி என்பதையும் அங்கேயே சொல்லலாம். விர்ச்சுவல்பாக்ஸிலும் 2012-இல் வந்த 4.2 பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு. இரண்டு நிமிட வேலை. செய்துவிட்டு, "எல்லாம் ஆட்டோமேட்டிக்" என்று சொல்லிப் போய்விடுகிறார்கள்.

இங்கேதான் எனக்குச் சண்டை. ஒழுங்காக அணையாத கணினி ஒழுங்காக எழும் என்று யார் சொன்னது? தூக்கத்தில் அடித்துப் போட்ட மாதிரி விழுந்த விண்டோஸ், மறுபடி எழும்போது "பழுது பார்க்கட்டுமா" என்று ஒரு திரையைக் காட்டிவிட்டு யாராவது ஒரு பொத்தானை அழுத்துவதற்காகக் காத்துக்கொண்டு நிற்கலாம். லினக்ஸும் அப்படித்தான். வட்டில் சிக்கல் என்று தோன்றினால் அவசர நிலைக்குப் போய், கடவுச்சொல் கேட்டுக்கொண்டு நிற்கும். சர்வருக்கோ திரை கிடையாது. பீரோவுக்குப் பக்கத்தில் முடங்கிக் கிடக்கிறது. யார் பார்ப்பது? ஆட்டோஸ்டார்ட் தன் கடமையைச் செய்துவிட்டது. ஆனால் பிள்ளைகளுக்குப் புத்தகம் வரவில்லை. ஆகவே தானாக எழுவது என்பதே, தானாக ஒழுங்காக அணைவதன் மேல் நிற்கிற விஷயம். அஸ்திவாரத்தை விட்டுவிட்டு மாடிக்கு வெள்ளையடிப்பதில் பயன் இல்லை.

சரி, அணைப்பது எப்படி நடக்கிறது? லிப்விர்ட்டுடன் லிப்விர்ட் கெஸ்ட்ஸ் என்று ஒரு சிறிய சேவை வருகிறது. சர்வர் அணையப்போகிறது என்றவுடன், உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மெய்நிகர் கணினியிடமும் போய்ச் சொல்வது இதன் வேலை. நான்கு மணிக்கு முதல் மணி அடித்து, "எல்லோரும் எடுத்து வையுங்கள்" என்று சொல்வது போல. இதற்கு ஓர் அமைவுக் கோப்பு உண்டு. அதில் ஆன் ஷட்டவுன் என்ற வரியில் இரண்டு வழிகளில் ஒன்றைச் சொல்லலாம். ஒன்று ஷட்டவுன்: முறையாக மூடிவிடு. இன்னொன்று சஸ்பெண்ட்: இருக்கிற நிலையை அப்படியே நினைவகத்தோடு வட்டில் எழுதி வை, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கேட்கச் சஸ்பெண்ட் நன்றாக இருக்கும். ஆனால் 4 ஜிபி நினைவகம் என்றால் கிட்டத்தட்ட அவ்வளவையும் வட்டில் எழுத இடமும் வேண்டும், நேரமும் வேண்டும். எழுந்த பிறகு அதன் கடிகாரம் நேற்றைய நேரத்திலேயே நிற்கலாம். சரிசெய்யாவிட்டால் இரவல் தேதி தப்பாக விழும். படிப்பகம் போன்ற இடங்களுக்கு ஷட்டவுன்தான் சரி என்பது என் கருத்து. இரண்டில் எது இயல்பாக வைக்கப்பட்டிருக்கும் என்பது லினக்ஸ் வகைக்கு வகை மாறும். அதனால் கோப்பைத் திறந்து கண்ணால் பாருங்கள். "இருக்கும்" என்று நம்பாதீர்கள்.

இன்னொரு விஷயம். விர்ஷ் ஷட்டவுன் என்பது கட்டளை அல்ல, வேண்டுகோள். கணினியின் பவர் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் என்ன ஆகுமோ அதுதான் உள்ளே நடக்கும். மெய்நிகர் கணினி அதைக் கேட்டும் கேட்காமல் இருக்கலாம். விண்டோஸில் பவர் பொத்தானை அழுத்தினால் ஒன்றும் செய்யாதே என்று யாராவது அமைத்து வைத்திருந்தால், அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றிலும் க்யூஎம்யூ கெஸ்ட் ஏஜென்ட் என்ற சிறு நிரலைப் போட்டு வைத்தால் செய்தி போய்ச் சேர இன்னொரு வழி கிடைக்கும். இதற்கு நேரெதிரானது விர்ஷ் டெஸ்ட்ராய். அழி என்று பெயர். ஆனால் எதையும் அழிக்காது, வட்டும் கோப்புகளும் அப்படியே இருக்கும். பிளக்கைப் பிடுங்குவதற்குச் சமம், அவ்வளவுதான். பெயரைப் பார்த்து நடுங்கவும் வேண்டாம், அவசரத்துக்கெல்லாம் அதைத் தொடவும் வேண்டாம்.

இப்போது ஒரு கணக்கு. ஆசிரியர் இல்லாமல் பதிவா!

எங்கள் யூபிஎஸ் அந்த சர்வரை 12 நிமிடம் தாங்குகிறது. கையில் கடிகாரம் வைத்து அளந்தது. மூன்று மெய்நிகர் கணினிகள். அமைவுக் கோப்பில் ஷட்டவுன் டைம்அவுட் 300 விநாடி, அதாவது ஒரு கணினி அணைவதற்கு 5 நிமிடம்வரை பொறுத்திருப்போம் என்று பொருள். பேரலல் ஷட்டவுன் 0 என்று இருந்தால், ஒன்று முடிந்த பிறகே அடுத்தது. அந்த 5 நிமிடம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. மூன்றும் முரண்டு பிடித்தால் 15 நிமிடம். யூபிஎஸ் 12 நிமிடம். விடை என்ன? மூன்றாவது கணினி அணையும் முன்பே இருட்டு. எல்லாம் தானியங்கி என்று எழுதிவைத்திருந்தும், கணக்குப் போடாததால் விபத்து.

மாற்றிப் போடுவோம். டைம்அவுட் 90 விநாடி என்றால் மூன்றுக்கும் சேர்த்து நான்கரை நிமிடம். மின்சாரம் போய் 3 நிமிடம் வரை பொறுப்போம், பல தடங்கல்கள் அதற்குள் சரியாகிவிடும். சர்வர் தன்னை அணைத்துக்கொள்ள ஒரு நிமிடம். கூட்டுத்தொகை எட்டரை நிமிடம். மூன்றரை நிமிடம் கையிருப்பு. பேட்டரிக்கு வயதாகும்போது இந்தக் கையிருப்புதான் முதலில் கரையும். ஆகவே வருடத்துக்கு ஒருமுறை மறுபடி அளக்க வேண்டும். ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். இதைப் போட்டுப் பார்க்காத எந்த ஏற்பாட்டையும் நான் ஏற்பாடு என்று சொல்லமாட்டேன்.

ஆனால் மின்சாரம் போனது சர்வருக்கு எப்படித் தெரியும்? கடையில் விலை குறைவான யூபிஎஸ் கேட்டால், கீ கீ என்று கத்த மட்டும் தெரிந்த ஒன்றைக் கொடுப்பார்கள். அது மனிதருக்குச் சொல்கிறதே தவிரக் கணினிக்குச் சொல்வதில்லை. யூஎஸ்பி தரவு இணைப்பு உள்ளதாகக் கேட்டு வாங்க வேண்டும். லினக்ஸில் அதோடு பேச நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, சுருக்கமாக நட். வாங்கப் போகும் மாடல் அதன் ஆதரவுப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. நன்கொடையாளர்களுக்கும் ஒரு வார்த்தை: இன்னொரு கணினி வாங்கித் தருவதைவிட, இருக்கிற கணினிக்கு ஒரு நல்ல யூபிஎஸ் வாங்கித் தருவது சில சமயம் பெரிய தர்மம்.

பலரும் கவனிக்காத ஒரு பொறி இங்கே உண்டு. சர்வர் அணைய ஆரம்பித்துவிட்டது, பாதியில் மின்சாரம் வந்துவிட்டது. சர்வர் அணைந்து முடிகிறது. பயாஸில் "மின்சாரம் வந்தால் தானாக எழு" என்று வைத்திருக்கிறோம். ஆனால் யூபிஎஸ் நடுவில் இருந்ததால், சர்வரைப் பொறுத்தவரை மின்சாரம் போகவே இல்லை! போகாதது எப்படித் திரும்பி வரும்? அது எழாது. ஊரெல்லாம் விளக்கு எரியும். சர்வர் மட்டும் இருட்டில். இதற்கு மருந்து, அணைந்து முடிக்கும் கடைசிக் கட்டத்தில் யூபிஎஸ்ஸிடமே "உன் இணைப்பை ஒருமுறை துண்டித்துவிட்டுத் திரும்பக் கொடு" என்று சொல்லிவிடுவது. நட் அதைச் செய்யும், யூபிஎஸ்ஸும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும். இணைப்பு ஒருமுறை போய்த் திரும்பி வந்தால்தான் பயாஸ் விழிக்கும், பிறகு லினக்ஸ், பிறகு மெய்நிகர் கணினிகள்.

இதற்கு எதிர்வாதமும் இருக்கிறது, அதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். எனக்கு உதவும் ஒரு தம்பி, பெரிய கணினிக் கூடத்தில் வேலை பார்க்கிறவர், "டீச்சர், எதையும் தானாக எழுப்பக் கூடாது. மனிதன் பார்த்துத்தான் எழுப்ப வேண்டும்" என்றார். காரணம் வலுவானது. மின்சாரம் வந்து போய், வந்து போய் இருக்கும்போது எல்லாம் ஒரே நேரத்தில் எழ முயன்றால் வட்டு திணறும். பாதி எழுந்தபோது மறுபடி போகும். பழுதான ஒன்று தானாக எழுந்து பழுதைப் பெரிதாக்கவும் கூடும்.

நான் அவரிடம் கேட்டேன்: "தம்பி, உங்கள் இடத்தில் இரவு பகலாக ஆள் இருக்கிறார்களா?" இருக்கிறார்கள். "எங்கள் இடத்தில்?" சாயங்காலம் ஐந்து மணிக்குச் சாவியோடு வரும் பாட்டியும், நான்கு பிள்ளைகளும்தான். அங்கே பொருந்தும் விதி இங்கே பொருந்தாது. ஆனால் அவர் சொன்னதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதை எடுத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் தானாக எழுப்ப வேண்டியதில்லை. கோஹாவும் கிவிக்ஸும் தினம் வேண்டும், அவற்றுக்கு மட்டும் ஆட்டோஸ்டார்ட். பழைய விண்டோஸ் மாதத்துக்கு இரண்டு முறைதான், அதைக் கையால் எழுப்பினால் போதும். அமைவுக் கோப்பில் ஆன் பூட் என்ற வரியில் இக்னோர் என்று வைத்துவிட்டால், அணையும்போது ஓடிக்கொண்டிருந்தது என்பதற்காக எதுவும் எழாது. ஆட்டோஸ்டார்ட் குறி போட்டது மட்டும் எழும். அணைவதில் மட்டும் விதிவிலக்கே இல்லை. மூன்றும் தானாக, முறையாக அணைய வேண்டும். மனிதன் பார்த்து எழுப்பலாம் என்று வாதாடலாம். இரவு இரண்டு மணிக்கு மின்சாரம் போகும்போது மனிதன் பார்த்து அணைக்கலாம் என்று யாரும் வாதாட முடியாது.

இது ஒன்றும் புதிய யோசனை அல்ல. ஐபிஎம் நிறுவனம் விஎம்/370 என்ற மெய்நிகர் கணினி அமைப்பை அறிவித்தது 1972-இல். அந்தக் குடும்பத்தில் பின்னால் வந்த பதிப்புகளில் ஆட்டோலாக்1 என்று ஒரு மெய்நிகர் கணினி உண்டு. பெரிய கணினி உயிர் பெற்றதும் அது தானாக எழும். எழுந்து மற்றவர்களை எழுப்பும். வகுப்புத் தலைவன் மாதிரி. பெரிய நிறுவனங்கள் எப்போதோ தீர்த்துக்கொண்ட பிரச்சினை இது. நம் மூலைப் பெட்டிகளில் மட்டும் இன்னும் "அந்த சார் வந்தால்தான் ஓடும்" என்று கிடக்கிறது.

அந்த வாக்கியத்தைத்தான் நான் வெறுக்கிறேன். ஒரு பள்ளி, பெயர் வேண்டாம். கணினி தெரிந்த ஓர் இளைஞர் ஆர்வமாக நூலகக் கணக்கை மெய்நிகர் கணினியில் அமைத்துக் கொடுத்தார். தினமும் காலையில் அவரே வந்து கையால் எழுப்புவார், மாலையில் கையால் அணைப்பார். நல்ல பிள்ளை, ஒரு நாளும் தவறியதில்லை. அதுதான் பிரச்சினையே. அவர் தவறாததால் யாருக்கும் அதில் வேலை இருப்பதே தெரியவில்லை. வேறு வேலை கிடைத்துப் போனார். அடுத்த வாரம் ஒரு மின்தடை. சர்வர் எழுந்தது, உள்ளே எதுவும் எழவில்லை. கடவுச்சொல் எங்கே, என்ன கட்டளை, எந்தத் தாளிலும் இல்லை. மூன்று வாரம் நூலகம் பூட்டியே கிடந்தது. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி தினமும் வந்து கதவைப் பார்த்துவிட்டுப் போனாள் என்று அங்கிருக்கும் டீச்சர் என்னிடம் சொன்னார். புத்தகம் அலமாரியில்தான் இருந்தது. கணக்கு எழுத முடியாது என்பதால் கொடுக்கவில்லை.

அந்த இளைஞரை நான் குறை சொல்லவில்லை. வேலையை ஒருவர் தலையில் வைத்துவிட்டு, "அவர் பார்த்துக்கொள்வார்" என்று நிம்மதியாக இருந்த பெரியவர்கள்தான் பொறுப்பு. பள்ளியில் ஒருவர் மாறுதலாகிப் போகும்போது சாவி, பதிவேடு, இருப்புப் பட்டியல் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒப்படைப்போம் இல்லையா? தானியங்கி அமைவு என்பதும் அந்த ஒப்படைப்புதான். எனக்குத் தெரிந்ததை இயந்திரத்திடமும் தாளிலும் ஒப்படைத்துவிட்டுப் போகிறேன் என்பதுதான் அதன் பொருள். அது சோம்பல் இல்லை.

ஆகவே உங்கள் இடத்தில் சர்வர் அமைத்துக் கொடுக்க வருபவரிடம் நான்கு விஷயம் கேளுங்கள்.

1. மின்சாரம் போனால் ஒவ்வொரு மெய்நிகர் கணினியும் முறையாக அணையுமா? யூபிஎஸ் தாங்கும் நேரத்துக்குள் முடியுமா? கணக்கைத் தாளில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

2. மின்சாரம் வந்தால் எவை தானாக எழும், எவை எழாது? ஏன்?

3. பாதியில் மின்சாரம் வந்தால் என்ன ஆகும்?

4. இதையெல்லாம் ஒரு பக்கத் தாளில், தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டுவாரா? கடவுச்சொல்லைச் சுவரில் ஒட்ட வேண்டாம். உறையில் போட்டுத் தலைமையாசிரியர் பீரோவில் வைக்கலாம்.

பிறகு பரீட்சை வையுங்கள். ஒரு சனிக்கிழமை, தரவுகளை வேறு வட்டில் நகல் எடுத்து வைத்துவிட்டு, யூபிஎஸ்ஸுக்கு வரும் மின்சாரத்தைச் சுவர் சுவிட்சில் அணையுங்கள். அமைத்தவர் கையைக் கட்டிக்கொண்டு வெளியே நிற்கட்டும். தொடக் கூடாது. எல்லாம் தானாக அணைந்து, மின்சாரம் கொடுத்ததும் தானாக எழுந்து, கணினியே தெரியாத ஒருவர் வந்து ஒரு புத்தகத்துக்கு இரவல் பதிவு போட முடிந்தால், தேர்ச்சி. இல்லாவிட்டால் மறுதேர்வு. அமைத்தவர் முகம் வாடும், பரவாயில்லை. நகல் எடுப்பதை மட்டும் இதற்குப் பிறகும் விடக் கூடாது. ஒழுங்காக அணைத்தாலும் வட்டு ஒரு நாள் சாகத்தான் செய்யும்.

உங்கள் பள்ளியில், நூலகத்தில் எப்படி இருக்கிறது? யார் எழுப்புகிறார்கள், யார் அணைக்கிறார்கள்? அவர் நாளைக்கு வராவிட்டால் என்ன ஆகும்? கருத்துப் பகுதியில் எழுதுங்கள். விவரம் தெரிந்த தம்பி தங்கைகள் நான் எழுதியதில் திருத்தம் இருந்தாலும் சொல்லுங்கள். சிவப்பு மையில் எழுதினாலும் கோபிக்கமாட்டேன்.